பக்கத்து வளவின் கட்டைக் கயிறு

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வடக்கே வெறுமையாகக் கிடக்கும் காணியை வாங்கும் யோசனையாம். இருவருக்கும் வீட்டிலிருந்தபடியே கணினியில் செய்கிற வேலை. கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்த கண்களில் ஒரு பளபளப்பு இருந்தது. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். நானும் அதோடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

"இஞ்ச குடிவர முதல் என்னென்ன தெரிஞ்சிருக்க வேணும், அன்ரி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் கைபேசியில் குறித்துக்கொள்ள ஆயத்தமானாள்.

சொல்லத் தொடங்கினேன். எனக்கு நாக்கை அவிழ்த்துவிட்டால் கட்டத் தெரியாது என்பது என் கணவரின் கட்சி. அன்றும் அவர் சத்தம் போடாமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். சித்திரையில் குளம்போலக் கிடக்கிற கடலை நம்பி வாசலை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம், மார்கழியில் அது தானாகவே வாசலுக்கு வரும், இங்குள்ள பழைய வீடுகள் எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பது சும்மா அல்ல என்றேன். பூட்டுக்கு எண்ணெய் விட மறந்தால் சொந்த வீட்டுக் கதவைத் தாங்களே உடைக்க வேண்டிவரும். கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதங்களில் படுக்கை விரிப்பை உதறியே ஒரு வண்டில் மணல் சேர்க்கலாம். மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் இன்டர்நெட் போகும், ஆகவே பற்றரி ஒன்று வைத்திருப்பது நல்லது.

கடலுக்குப் புறப்படுகிற ஆளிடம் "எங்க போறீங்கள்?" என்று கேட்கவே கூடாது என்பதையும் சொன்னேன். வந்த இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அதைக் கேட்டேன். மனிதர் வலையை இறக்கி வைத்து, வீட்டுக்குள் திரும்பிப் போய், செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் இருந்து, பிறகுதான் புறப்பட்டார். ஏதோ மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

"வேற என்ன அன்ரி?"

தண்ணீரைப் பற்றி அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்கிறவர்களும் கிணறு இருக்கிறதா என்று கேட்பார்கள், ஓம் என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். நானும் அப்படித் தாவியவள்தான். அதனால் கைபேசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை. ஆனால் இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது, அதற்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தது நாலாம் மாடியில். அங்கே குளியலறைக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். ஒரு பக்கத் தலைமயிர் நனைவதற்குள் மற்றப் பக்கம் காய்ந்துவிடும். என் கணவர் ஓய்வு பெற்றதும் திருகோணமலைப் பக்கம் கடலோரமாகப் போய் இருப்போம் என்றார். நான் போட்டது ஒரேயொரு நிபந்தனை. எனக்கு உச்சந்தலையில் அடித்து விழுகிற மாதிரி ஷவர் வேண்டும். கோயில், சொந்தபந்தம், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, ஷவர் மட்டும் வேண்டும். பெண்கள் நகை கேட்பார்கள், நீ மழை கேட்கிறாய் என்று அவர் சிரித்தார்.

வீடு சல்லிக் கிராமத்துக்கு அப்பால், தார் வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற மணல் பாதையில் கிடைத்தது. இருந்தவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். வளவின் மூலையில் கிணறு. கடல் பக்கமாக ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு, அந்த வீட்டுக்கும் ஒரு கிணறு. இரண்டு கிணறுகளுக்கும் இடையில் இருபதடி இருக்கலாம். பங்குனியில் குடிவந்தோம். அப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டில் கடலுக்குப் போகும் அந்த மனிதரும் அவர் மனைவியும் ஒரு மகளும். மகள் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தாள். மனைவிக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவு. விடிய முதலே எழும்பி இடியப்பம் அவித்து, சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குக் கொடுப்பாள். சிவப்பரிசி மா இடியப்பம். முதல் வாரமே எங்கள் காலைச் சாப்பாடும் அவளிடம்தான் என்றாகிவிட்டது. அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளைத் தங்கச்சி என்றேன். வேலிக்கு மேலால் சம்பல் கிண்ணம் போய்வந்தது.

ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் அள்ளுகிற விதம். வாளிக் கயிறு மிகவும் கட்டை. வாளி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அவள் அதைச் சரித்து மேலால் வழித்தெடுக்கிற மாதிரி அரை வாளி அள்ளுவாள், இழுப்பாள், மறுபடி விடுவாள். ஒரு குடம் நிரம்ப ஆறேழு தடவை. கயிறு வாங்கக்கூட வழியில்லையே, பாவம் என்று என் மனம் உருகிப் போனது. எனக்கு மனம் உருகினால் அடுத்தது கை நீளும், அதற்கு அடுத்தது ஆபத்து வரும். நகரத்துக்குப் போன அன்று நல்ல தடித்த நீல நைலோன் கயிறாக, கிணற்றின் அடிவரை போய்த் தொடக்கூடிய நீளத்தில், வாங்கி வந்து வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"இதைக் கட்டி அள்ளுங்கோ தங்கச்சி. அந்தக் கயிறு எட்டுதில்லை. பாக்கவே எனக்கு அந்தரமா இருக்கு."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா. நல்ல கயிறு," என்றாள்.

அடுத்த நாள் அந்தக் கயிறு இரண்டு முருங்கை மரங்களுக்கு இடையில் கட்டப்பட்டிருந்தது. அதில் அவள் கணவரின் சாரங்கள் காய்ந்தன. கிணற்றடியில் பழைய கட்டைக் கயிறே தொங்கியது. "பாத்தீங்களே, இந்த ஆக்களுக்குப் பழக்கத்தை மாத்த ஏலாது," என்று என் கணவரிடம் சொன்னேன். இந்த ஆக்கள் என்றுதான் சொன்னேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

பிறகு ஷவர் வேலை தொடங்கியது. மோட்டர் பொருத்தக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு பை நிறைய வேலை ஆயுதங்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார், கடல் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அரைக் குதிரைவலு போதும் தங்கச்சி. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போட்டு நிப்பாட்டுங்க. இது மணல் கிணறு."

"அரைக் குதிரை காணாது. ஒண்டரை போடுங்கோ. இருபத்திரண்டு வருஷமாத் தலை நனையாமக் குளிச்சிருக்கிறன்."

"வீடு உங்கட, மோட்டரும் உங்கட," என்றார் அவர். "தண்ணி அப்பிடி இல்ல."

மார்க்கப் பற்றுள்ள மனிதர், ஆண்டவனை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஓம் ஓம், எல்லாம் அவன் தந்தது," என்று நானும் பக்தியோடு தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒன்றரைக் குதிரைவலு மோட்டரைப் பொருத்தினார்.

முதல் நாள் ஷவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலையில் விழுந்த தண்ணீரில் எனக்குக் கண்ணீரே வந்தது. ஆசை ஒன்றோடு நிற்குமா? மணல் முற்றம் கண்ணுக்குச் சூடாக இருக்கிறது என்று கந்தளாய்ப் பக்கமிருந்து புல் வெட்டுகளாக லொறியில் வரவழைத்துப் பதித்தேன். புல்லுக்குக் காலையும் மாலையும் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிற குழாய். கொழும்பில் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழக்கமில்லாததால் குசினியில் பெரிய வடிகட்டி இயந்திரம் ஒன்று. உப்பு, கசடு, கிருமி எதுவுமே அதைத் தாண்டி வராது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். அந்தச் சத்தியம் பொய்க்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

வைகாசி கழிந்து கச்சான் பிடித்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. மூன்று விதமான சவர்க்காரம் மாற்றி, மூன்றையும் செய்தவர்களைத் திட்டித் தீர்த்தேன். தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி ஆனது, கடல் காற்றைத் திட்டினேன். புல்லின் நுனி மஞ்சளாகக் கருகத் தொடங்கியது, தண்ணீர் காணாது என்று இன்னும் அரை மணி நேரம் கூடத் தெளித்தேன். குடிக்கிற தண்ணீர் மட்டும் வடிகட்டியிலிருந்து தித்திப்பாகவே வந்துகொண்டிருந்தது. ஆகவே கிணற்றில் ஏதாவது பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் இடியப்பத்துக்குத் தட்டை நீட்டினேன். "இப்ப அவிக்கிறேல்லை அக்கா, கொஞ்ச நாளைக்கு," என்றாள் அவள். உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். சில நாள் கழித்து அவள் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கான்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டேன். அம்மன் கோயில் கிணற்றுக்கு. அது மேட்டுப் பக்கம், அரை மைலுக்கு மேலே இருக்கும். பிறகு பகலில் அவளை வீட்டிலேயே காணவில்லை. கருவாடு காயப் போடுகிற வாடிக்குக் கூலிக்குப் போகிறாள் என்று கடையில் சொன்னார்கள்.

என் மனம் மறுபடியும் உருகியது. அவள் சைக்கிளோடு வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து வேலியடிக்கு ஓடினேன்.

"ஏன் தங்கச்சி இந்த வெயிலில கோயிலுக்குப் போறீங்கள்? உங்கட கிணறு வத்திப் போச்செண்டா எங்கட கிணத்தில வந்து அள்ளுங்கோ. எங்களுக்குத் தண்ணி வேணுமெண்ட அளவு கிடக்கு."

அவள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போனது.

"பரவாயில்லை அக்கா," என்றாள்.

ஆவணியில் வடிகட்டி நின்றுபோனது. கிண்ணியாக்காரரைக் கூப்பிட்டேன். அவர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே படிந்திருந்த வெள்ளையை விரலால் சுரண்டினார். பிறகு குசினிக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஒரு வாய் ஏந்திக் குடித்தார். குடித்த வேகத்தில் யன்னலால் துப்பினார்.

"தங்கச்சி, இந்தத் தண்ணிய நீங்க வாயில வெச்சுப் பாக்கவே இல்லையா?"

நானும் ஒரு வாய் வைத்தேன். கடல்.

அவர் வெளியே போய்ப் புல்லைப் பார்த்தார், மோட்டரைப் பார்த்தார், நேராக வேலியடிக்குப் போனார். அன்று அவள் வீட்டில் இருந்தாள். "உங்கட கிணறு எப்பிடி?" என்று அவர் கேட்டார். அவள் கட்டைக் கயிற்று வாளியை விட்டு அள்ளி, வேலிக்கு மேலால் நீட்டினாள். அவர் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். நான் கையால் அள்ளிக் குடித்தேன். எங்கள் குழாய்த் தண்ணீரை விட மோசம்.

கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். இந்த மணலுக்கு அடியில் கிடப்பது கடல் தண்ணீர். மாரிகாலத்தில் பெய்த மழை அதற்கு மேலே எண்ணெய் மிதப்பது போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் அவ்வளவுதான். மேலால் மெல்ல மெல்ல அள்ளினால் அது வருடம் முழுக்க வரும். அடியில் பைப்பை விட்டு இழுத்தால் மேல்தண்ணீர் தீர்ந்து உப்பு மேலே ஏறிவிடும். அது ஏறும்போது யாருடைய வேலி என்று பார்க்காது. கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுதான் முதலில் கெடும்.

"அதாலதான் இஞ்ச கயிறு கட்டையா இருக்கும்," என்றார் அவர். "வாளி அடிக்குப் போகக் கூடா. மத்தியானத்துக்குப் பொறகு அள்ளவும் மாட்டாங்க, கிணறு ஊற வேணும்." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவரின் கண் முருங்கை மரங்களுக்கு இடையில் தொங்கிய நீலக் கயிற்றில் போய் நின்றது. "அது ஆர்ர கயிறு? அவ்வளவு நீளத்தில?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அங்கேயும் உப்புத் தண்ணீர்தான் இருந்திருக்கும்.

அவர் போன பிறகு நான் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் குற்றம் செய்தவருக்குத்தான் முதலில் கோபம் வரும்.

"நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

அன்றைக்குத்தான் அவளும் பொறுமையை விட்டாள்.

"என்னண்டு சொல்லுறது அக்கா? வந்த கிழமையே எனக்குக் கயிறு வாங்கித் தந்தனீங்கள். பாக்க அந்தரமா இருக்கு எண்டு சொன்னனீங்கள். உங்களிட்ட வந்து, இல்லை, உங்களுக்குத்தான் அள்ளத் தெரியாது எண்டு நான் சொல்லுறதோ? முதல்ல மாவுக்கு உப்புப் போடுறதை விட்டன். பிறகு கோயில் தண்ணி பாதி, கிணத்துத் தண்ணி பாதியாக் குழைச்சுப் பாத்தன். கடைக்காரர் ரெண்டு நாள் பொறுத்தார், மூண்டாம் நாள் தட்டோட திருப்பி விட்டிட்டார். அவ்வளவு தண்ணியும் சைக்கிள்ல சுமக்க ஏலாது. நீங்கள் வந்து, எங்கட கிணத்தில அள்ளுங்கோ எண்டுறீங்கள்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"இப்ப இவர் கடலுக்குப் போறார், சமாளிக்கலாம். மாரி துவங்கினா வள்ளம் கரையேறிடும். கருவாட்டு வேலையும் இல்லை. அந்த மூண்டு மாசமும் எங்கட வீட்டில எரியிறது இடியப்ப அடுப்பு ஒண்டுதான். அதுக்குள்ள தண்ணி திரும்பாட்டி மகளைப் படிப்பை நிப்பாட்டச் சொல்ல வேணும்."

அந்த இடத்திலேயே நான் மோட்டர் வயரைப் பிடுங்கினேன். புல்லைப் பார்த்து, செத்துப் போ என்றேன். அது ஒரு கிழமையில் சொன்ன சொல் கேட்டது. என் கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் தேடிப் பிடித்தார். அடுத்த நாளிலிருந்து கோயில் கிணற்றுக்கு இரண்டு சைக்கிள் போயின. ஒன்றை அவள் தள்ளினாள், மற்றதை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். கான் சரிந்து விழுந்து பாதி வழியில் தண்ணீர் முழுவதும் மணலுக்குப் போன நாட்களும் உண்டு. கொழும்பு ஆட்கள் தண்ணீர் சுமக்கிற வேடிக்கையைப் பார்க்கச் சந்தியில் ஆட்கள் நிற்பார்கள். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதுவரை அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை.

கோயில் தண்ணீரில் இரண்டு வீட்டுக்குச் சமைக்கலாம், குடிக்கலாம். கடைக்கு இடியப்பம் அவிக்கக் காணாது. பவுசர் லொறியில் தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "பவுசர் இண்டைக்கு வரும், நாளைக்கு வராது. ஒரு நாள் இடியப்பம் போகாட்டி கடைக்காரர் வேற ஆளைப் பிடிச்சிடுவார்," என்றாள். கிண்ணியாக்காரரைக் கேட்டால், "இனி மழைதான் தங்கச்சி. ஒரு மாரியில வந்தாலும் வரும், ரெண்டு மாரி எடுத்தாலும் எடுக்கும்," என்கிறார். அந்தப் புரட்டாதி முழுவதும் நான் வானத்தைப் பார்த்த மாதிரி என் கலியாணத்துக்கு மாப்பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி நடுவில் பிடித்தது மழை. வள்ளங்கள் கரையேறின. தாழமுக்கம் வருகிறது, புயல் மழை பிடிக்கும், கவனமாக இருங்கள் என்று வானொலி சொல்லச் சொல்ல, வரட்டும் வரட்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். கூரைத் தண்ணீர் முழுவதும் வீணாக வீதிக்கு ஓடாமல் கிணற்றடி மணலில் இறங்க என் கணவர் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினார். ஒவ்வொரு காலையும் நாங்கள் இரண்டு பெண்களும் வேலியின் இரு பக்கமும் நின்று, அவரவர் கிணற்றில் மேலால் ஒரு துளி அள்ளி நாக்கில் வைப்போம். அவள் தலையை ஆட்டுவாள், இல்லை. நான் தலையை ஆட்டுவேன், இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, மூன்று கிழமை. எங்கள் கிணற்றில் உப்புக் குறையத் தொடங்கியது. அவளுடையதில் குறையவில்லை. பிழை செய்தவளின் கிணறு முதலில் மாறியது எனக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது. அந்த வாரம் அவள் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மழை நான்கு நாள் விடாமல் அடித்தது. வாய்க்காலெல்லாம் மூடிப் போய் முற்றம் குளமாகியது. ஐந்தாம் நாள் விடியற்காலை மழை விட்டிருந்தது. குசினியில் கேத்திலை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு வாசனை வந்தது. வறுத்த சிவப்பரிசி மா ஆவியில் வேகிற வாசனை.

செருப்புப் போடாமல் ஓடினேன். அவள் குசினி யன்னலால் புகை வந்துகொண்டிருந்தது. வேலியில் கையை வைத்துக்கொண்டு, "தங்கச்சி!" என்று கத்தினேன். அவள் வெளியே வந்தாள். கை முழுக்க மா. வாயைத் திறக்க முதலே முகத்தில் சொல்லிவிட்டாள்.

"தண்ணி வந்திட்டு அக்கா. நேற்றைக்கே தெரிஞ்சது. அவிச்சுப் பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

ஒரு இடியப்பத்தைச் சுடச் சுட வேலிக்கு மேலால் நீட்டினாள். பிய்த்து வாயில் போட்டேன். உப்புப் போதாது. அவள் போட மறந்துவிட்டாள், இத்தனை மாதப் பழக்கம். அந்த உப்பில்லாத இடியப்பத்தை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் என் கணவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார். நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. அன்றைக்கு அவள் மகள் வெள்ளைச் சீருடையோடு சேற்றுக்கு மேலால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதை விறாந்தையில் நின்று பார்த்தேன். தேத்தண்ணிக் கடைக்காரர் சட்டென்று சம்மதித்தாரா என்று கேட்டீர்களானால், அவர் இடையில் பிடித்த ஆளின் இடியப்பம் நூல் நூலாக உதிர்ந்ததாம். எனக்கு அதிலும் ஒரு ஆறுதல்.

அன்று பின்னேரம் அவள் எங்கள் வளவுக்குள் வந்தாள். அந்த ஐந்தாறு மாதத்தில் முதல் தடவை. கையில் அந்த நீல நைலோன் கயிறு, கொடியிலிருந்து அவிழ்த்து வந்திருந்தாள். அதை வாளியில் கட்டி, மோட்டர் பைப் கழற்றிக் கிடந்த எங்கள் கிணற்றில் மெல்ல விட்டாள். வாளி தண்ணீரைத் தொட்டதும், கிணற்றுக் கட்டில் கயிறு மடியும் இடத்தை விரலால் பிடித்து அடையாளம் வைத்தாள். இடுப்பிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே அறுத்தாள். என் அருமையான கயிற்றில் பாதிக்கு மேல் நிலத்தில் விழுந்தது. வாளியோடு நின்ற துண்டின் மற்ற நுனியைக் கிணற்றுக் கம்பத்தில் முடிந்தாள்.

"இதுக்கு மேல எட்டக் கூடாது அக்கா. கோடையில தண்ணி இறங்கினா நான் வந்து நீட்டி விடுவன். நீங்கள் நீட்ட வேண்டாம்."

"ஓம்," என்றேன். அதற்கு மேல் எதிர்த்துக் கதைக்கிற நிலையில் நான் இல்லை.

விழுந்த துண்டை அவளே எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் முருங்கை மரங்களுக்கு இடையில் கட்டினாள். சாரம் காயப் போட அது காணும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். குறுக்குக்கட்டோடு கல்லில் நின்று, அரை வாளி அரை வாளியாக மேலால் வழித்தெடுத்துத் தலையில் ஊற்றினேன். மழைத் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. சவர்க்காரம் தொட்டதும் நுரைத்தது. ஆனியிலிருந்து காணாத நுரை, கழுத்து வழியே, தோள் வழியே வழிந்தது. ஷவர் என்ன ஷவர் என்று தோன்றியது. எட்டாவது வாளியோ ஒன்பதாவதோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது, அதட்டிக்கொண்டு, சத்தமாக.

"அக்கா, காணும்! கிணறு ஊறட்டும்!"

வந்த நாளிலிருந்து அவள் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். "ஓம் தங்கச்சி," என்று திருப்பிக் கத்திவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தேன். தலையில் சவர்க்காரம் அப்படியே இருந்தது.